சரிவு நிலத்தில் டிரோன் பறக்கும் பாதை: கணிப்பொறித் திரையில் ஒத்திகை

மலைச்சரிவுகளிலும் மேட்டுப்பாங்கான நிலங்களிலும் பயிர் செய்யும் உழவர் பெருமக்களுக்கு மருந்து தெளிப்பு என்றுமே கடினமான வேலையாகும். பதினாறு லிட்டர் கைத்தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு கல்வரப்புகளில் ஏறி இறங்க ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. அப்படிக் கிடைத்தாலும், தெளிப்பவர் மீதே மருந்து படுவதைத் தவிர்ப்பது எளிதல்ல. இதனால் டிரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானத்தை வாடகைக்கு அமர்த்தித் தெளிக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது.

சமவெளியில் நெல் வயலின் மேல் டிரோனைச் செலுத்துவது ஒரு வேலை. சரிவில் செலுத்துவது முற்றிலும் வேறு வேலை. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள அக்கருவி மேட்டில் மோதி விழுந்தால் நட்டம் பெரிது. மோதாமல் தப்பினாலும், உயரம் கூடிய இடத்தில் மருந்து காற்றில் பறந்து அடுத்தவர் நிலத்தில் விழும். உயரம் குறைந்த இடத்தில் விசிறியின் காற்று பயிரைச் சாய்க்கும். ஆகவே டிரோன் எழும்பு முன்பே அது பறக்கப்போகும் பாதையை முப்பரிமாண நிலப்படத்தின் மீது ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. இந்த ஒத்திகை எவ்வாறு நடைபெறுகிறது, அதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். வீட்டில் கணிப்பொறி பழகிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு படித்தால் எளிதில் விளங்கும்.

ஒத்திகை ஏன் தேவை?

நூறு மீட்டர் தூரத்திற்கு 20 மீட்டர் ஏறும் சரிவு நிலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். டிரோனை அடிவாரத்தில் பயிருக்கு மேல் 3 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதே மட்டத்தில் மேட்டை நோக்கிச் செலுத்தினால் என்னவாகும்? ஒவ்வொரு 5 மீட்டருக்கும் நிலம் 1 மீட்டர் உயருகிறது. எனவே 15 மீட்டர் சென்றவுடன் டிரோன் பயிரைத் தொட்டுவிடும். வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் சென்றால் இதற்கு நான்கு வினாடிகள் கூட ஆகாது. ஓட்டுபவர் கவனித்து நிறுத்துவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இந்தத் தவறைத் திரையில் செய்து பார்த்தால் ஒரு பைசா நட்டமும் இல்லை. பாதைக் கோடு மண்ணுக்குள் புகுந்து மறைவது கண்ணுக்குத் தெரியும். உடனே திருத்திக்கொள்ளலாம்.

முப்பரிமாண நிலம் திரையில் எப்படி உருவாகிறது?

கணிப்பொறிக்கு மலை என்பது எண்களின் அட்டவணையே. நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று ஓர் எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அந்த எண்களை இணைத்து, வலையை விரித்ததுபோல் ஒரு பரப்பை உண்டாக்கி, அதன் மேல் செயற்கைக்கோள் எடுத்த நிழற்படத்தைப் போர்த்திவிட்டால் மலை தயார்.

இந்த உயர அளவுகள் எங்கிருந்து வந்தன? 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் 'எண்டெவர்' விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி, ரேடார் அலைகளைச் செலுத்தி உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை அளந்தது. நம் நாட்டின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரு காமிராக்கள் இருந்தன. நாம் இரு கண்களால் பார்த்துத் தூரத்தை உணர்வதுபோல, ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்த படங்களிலிருந்து உயரத்தைக் கணக்கிட்டார்கள். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'புவன்' தளத்தில் இந்த அளவுகள் கிடைக்கின்றன.

இவ்விரண்டிலும் பொதுமக்களுக்குக் கிடைக்கும் கட்டத்தின் அளவு சுமார் 30 மீட்டர் ஆகும். இதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நூறு மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் கொண்ட ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தில் இத்தகைய கட்டங்கள் நான்கைந்துதான் அடங்கும். அதாவது, உங்கள் ஏக்கர் முழுவதற்கும் கணிப்பொறியிடம் இருப்பது நான்கைந்து உயர அளவுகள் மட்டுமே. நீங்கள் கட்டிய கல்வரப்பு, இரண்டு மீட்டர் ஆழ ஓடை, படித்தளங்களின் விளிம்பு ஆகியவை அதற்குத் தெரியா. எல்லாவற்றையும் வழுவழுப்பான ஒரே சரிவாகவே அது காட்டும். நிழல் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டமாயின், மரத்தின் உச்சியையே தரையென்று எண்ணி அளந்திருக்கவும் கூடும்.

பாதை என்பது புள்ளிகளின் தொடர்

வரிசை நடவு செய்யும்போது வயலின் இரு முனைகளிலும் முளை அடித்துக் கயிறு கட்டுகிறோம். கயிறு இரு முளைகளுக்கும் இடையே நேராக நிற்கிறது. டிரோன் பாதையும் இதைப் போன்றதே. முளைகளுக்குப் பதிலாக வழிப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் மூன்று எண்கள் வேண்டும்: தீர்க்கரேகை, அட்சரேகை, உயரம். இரு புள்ளிகளுக்கு இடையில் விமானம் எங்கே இருக்கும் என்பதைக் கணிப்பொறி நேர்கோடாகக் கணக்கிட்டு, வினாடிக்குப் பலமுறை படத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துகிறது. திரையில் விமானம் பறப்பதுபோல் தோன்றுவது இதனால்தான்.

கயிறு நேராக நிற்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஐம்பது மீட்டர் இடைவெளியில் இரு வழிப்புள்ளிகளைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். நடுவில் 4 மீட்டர் உயரமுள்ள மேடு ஒன்று இருந்தால், நேர்கோடு அந்த மேட்டின் உச்சிக்கு 1 மீட்டர் கீழே மண்ணுக்குள் செல்லும். ஆகவே மேடு பள்ளமான நிலத்தில் புள்ளிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்பது பொருத்தமான அளவாகும். மேடு திடீரென்று எழும் இடங்களில் இன்னும் நெருக்கலாம்.

எண்களை எழுதும்போது இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, வரிசை. கூகுள் எர்த் போன்ற மென்பொருள்கள் ஏற்கும் கே.எம்.எல். கோப்பில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை இரண்டாவதாகவும் எழுதப்பட வேண்டும். கோயம்புத்தூர் ஏறக்குறைய 77 டிகிரி கிழக்கு, 11 டிகிரி வடக்கில் உள்ளது. இதை மாற்றி எழுதினால் உங்கள் டிரோன் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகில் பனிக்கடலின் மேல் பறந்துகொண்டிருக்கும்! இரண்டாவது, தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்கள். ஒரு டிகிரி அட்சரேகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். எனவே மூன்று இலக்கம் மட்டும் எழுதினால் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 111 மீட்டர் இடைவெளி ஏற்படும். ஆறு இலக்கங்கள் எழுதுவதே சரியானது.

மூன்று வகை உயரங்கள்

திரையில் ஏற்படும் தவறுகளில் பெரும்பாலானவை உயரத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வருபவை. '3' என்று எழுதினால் எதிலிருந்து 3 மீட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1. தரையோடு ஒட்டியது: இம்முறையில் நீங்கள் எழுதிய உயரம் கணக்கில் கொள்ளப்படாது. எல்லாப் புள்ளிகளும் தரையில் படுத்துவிடும். கே.எம்.எல். கோப்பில் உயர வகையைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் மென்பொருள் இந்த முறையையே எடுத்துக்கொள்ளும். விமானம் பறக்காமல் தரையில் ஊர்ந்து சென்றால் இதுவே காரணம் என்று அறியலாம்.

2. தரையிலிருந்து உயரம்: ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் அந்தந்த இடத்துத் தரையிலிருந்து அளக்கப்படுவது. மென்பொருளில் 'ரிலேடிவ் டு கிரவுண்ட்' என்று இருக்கும். மருந்து தெளிப்புப் பாதைக்கு ஏற்றது இதுவே.

3. கடல் மட்டத்திலிருந்து உயரம்: இது 'அப்சல்யூட்' எனப்படும். உங்கள் நிலம் கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டர் மேலே இருந்து, நீங்கள் 3 என்று எழுதினால் விமானம் மலையின் அடியில் 997 மீட்டர் ஆழத்தில் கிடக்கும்.

மூன்றாவது முறையில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஜி.பி.எஸ். கருவி அடிப்படையில் கணக்கிடும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படுவதன்று. பூமியைச் சீரான ஒரு நீள்கோளமாகக் கற்பனை செய்து, அதன் பரப்பிலிருந்து அளக்கப்படுவது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லாததால் தென்னிந்தியாவில் கடல் மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்கு 80 முதல் 100 மீட்டர் வரை தாழ்ந்துள்ளது. சில கருவிகள் இவ்வேறுபாட்டைத் தாமே திருத்திக் காட்டும், சில திருத்துவதில்லை. திருத்தாத கருவியின் அளவைக் கடல் மட்ட உயரம் என்று எண்ணித் திரையில் ஏற்றினால் பாதை முழுவதும் 90 மீட்டர் அளவுக்கு மண்ணுக்குள் போய்விடும். பாதை முழுவதும் ஒரே அளவில் தாழ்ந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இவை தவிர, பல டிரோன்கள் தாம் கிளம்பிய இடத்தையே பூச்சியமாகக் கொண்டு உயரத்தை அளக்கின்றன. அடிவாரத்தில் கிளம்பும் டிரோனுக்கு '3 மீட்டர்' என்று மட்டும் சொன்னால், முன்னர் கூறிய 15 மீட்டர் கதைதான் நடக்கும். வாடகைக்கு ஓட்டுபவரிடம், "உங்கள் டிரோன் எதிலிருந்து உயரம் அளக்கிறது? சரிவுக்கேற்றாற்போல் ஏறி இறங்குமா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நில உரிமையாளரின் கடமையாகும்.

நேரமும் வேகமும்

பாதை மட்டும் வரைந்தால் அது அசையாத கோடு. அசைவு வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியிலும் விமானம் எந்த நேரத்தில் இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை நேர வித்தியாசத்தால் வகுத்தால் வருவது வேகம். வினாடிக்கு 4 மீட்டர் வேகம் வேண்டுமானால் 10 மீட்டர் இடைவெளியுள்ள புள்ளிகளுக்கு இரண்டரை வினாடி வீதம் நேரம் கொடுக்க வேண்டும்.

புள்ளிகளைத் தாறுமாறான இடைவெளியில் வைத்து, எல்லாவற்றிற்கும் ஒரே நேர இடைவெளி கொடுத்தால் விமானம் ஓரிடத்தில் பாயும், ஓரிடத்தில் தயங்கும். திரையில் இது அழகுக் குறைவு மட்டுமே. உண்மையான தெளிப்பில், மருந்து வெளிவரும் அளவு மாறாதிருக்க வேகம் பாதியானால், அவ்விடத்துப் பயிருக்கு இரு மடங்கு மருந்து விழும்.

நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுவது இக்கோப்புகளின் வழக்கம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே உள்ளது. காலை 6.30 மணிக்குத் தெளிப்பதாயின் கோப்பில் 1.00 மணி என்று குறிக்க வேண்டும்.

விமானத்தின் முகம்

விமானத்தின் உருவத்தைப் பாதையில் ஓடவிடும்போது அதன் முகம் எந்தத் திசையை நோக்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270 டிகிரி என்று கணக்கு. இதைச் சொல்லாவிட்டால் சில மென்பொருள்களில் விமானம் நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து செல்லக்கூடும். வேறொரு வேடிக்கையும் நேரும். வடக்கிற்குச் சற்று மேற்கிலிருந்து சற்று கிழக்காகத் திரும்ப 350 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு மாற வேண்டும். உண்மையில் இது 20 டிகிரித் திருப்பம்தான். ஆனால் எண்ணை மட்டும் பார்த்துக் கணக்கிடும் மென்பொருள் 350-லிருந்து கீழே இறங்கி 340 டிகிரி சுழன்று 10-க்கு வரும். திரையில் விமானம் பம்பரம்போல் சுற்றினால் பாதையில் குறையில்லை, திசை எண்ணில்தான் குறை என்று அறிந்து திருத்திக்கொள்ளலாம்.

ஓர் ஏக்கருக்கு ஒரு கணக்கு

சரிவுக்குக் குறுக்கே 100 மீட்டர் நீளமும், சரிவின் போக்கில் 40 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தை எடுத்துக்கொள்வோம். சரிவு 20 சதம். தெளிப்பு அகலம் 4 மீட்டர்; வேகம் வினாடிக்கு 4 மீட்டர்; ஒவ்வொரு திருப்பத்திற்கும் 6 வினாடி என்று வைத்துக்கொள்வோம்.

சரிவின் போக்கில் மேலும் கீழுமாகச் சென்றால், 40 மீட்டர் நீளமுள்ள 25 வரிசைகளும் 24 திருப்பங்களும் வரும். பறக்கும் நேரம் 250 வினாடி, திருப்பங்களுக்கு 144 வினாடி, ஆக மொத்தம் 394 வினாடி. ஒவ்வொரு வரிசையிலும் டிரோன் 8 மீட்டர் ஏறவோ இறங்கவோ வேண்டும்.

சரிவுக்குக் குறுக்கே சமமட்டமாகச் சென்றால், 100 மீட்டர் நீளமுள்ள 10 வரிசைகளும் 9 திருப்பங்களும்தான். பறக்கும் நேரம் அதே 250 வினாடி, திருப்பங்களுக்கு 54 வினாடி, ஆக 304 வினாடி. ஒரு வரிசைக்குள் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அடுத்த வரிசைக்கு மாறும்போது மட்டும் 80 சென்டிமீட்டர் ஏறினால் போதும்.

ஆக ஒன்றரை நிமிடம் மிச்சமாகிறது, பாட்டரியும் மிச்சமாகிறது. ஏறி இறங்கும்போது உயரம் தவறும் வாய்ப்பும் குறைகிறது. மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்பதை நாம் நெடுநாளாகக் கடைப்பிடித்து வருகிறோம். தெளிப்புக்கும் அதே வழிதான் நல்லது என்பது இக்கணக்கால் விளங்கும்.

ஏக்கருக்கு 10 லிட்டர் கரைசல் தெளிப்பதாயின், 250 வினாடியில் அது முழுவதும் வெளியேற நிமிடத்திற்கு 2.4 லிட்டர் வீதம் வர வேண்டும். திருப்பங்களில் தெளிப்பு நிறுத்தப்பட வேண்டும். முதல் வரிசையை வரப்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே தொடங்கினால் மருந்து எல்லைக்குள் அடங்கும்.

செய்முறை

கூகுள் எர்த் புரோ என்னும் மென்பொருள் 2015-ஆம் ஆண்டு முதல் விலையின்றிக் கிடைக்கிறது. அதைக் கொண்டு கீழ்க்கண்டவாறு ஒத்திகை பார்க்கலாம்.

1. முதலில் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், உயரத்தை மிகைப்படுத்திக் காட்டும் எண் 1 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது 3 ஆக இருந்தால் மேடு மும்மடங்கு செங்குத்தாகத் தெரிந்து உங்களை ஏமாற்றும்.

2. உங்கள் நிலத்தைத் தேடிக் கண்டு, 'ஆட் பாத்' என்னும் பொத்தானை அழுத்தி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை புள்ளிகளை வைத்துக்கொண்டே செல்லவும்.

3. கோடு தரையோடு ஒட்டியிருக்கும்போதே, அதன் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ஷோ எலிவேஷன் புரொஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். நிலத்தின் ஏற்ற இறக்கம் வரைபடமாகத் தோன்றும். எங்கே சரிவு மிகுதி என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

4. பிறகு கோட்டின் 'ஆல்டிட்யூட்' பகுதியில் 'ரிலேடிவ் டு கிரவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் உயரத்தை எழுதவும். பயிரின் உயரத்தையும் சேர்த்துக்கொள்ள மறக்கக்கூடாது. ஒரு மீட்டர் பயிருக்கு மேல் 3 மீட்டர் என்றால் தரையிலிருந்து 4 மீட்டர் ஆகும். 'எக்ஸ்டென்ட் பாத் டு கிரவுண்ட்' என்பதையும் குறியிட்டால் கோட்டிலிருந்து தரை வரை திரைச்சீலை தொங்குவதுபோல் தெரியும். சீலை மறையும் இடமே கோடு மண்ணுக்குள் புகும் இடம்.

5. கோட்டைத் தேர்ந்தெடுத்து, சுற்றுலாப் பொத்தானை அழுத்தினால் காமிரா அப்பாதையில் பறந்து செல்லும். காமிராவின் வேகம், சாய்வு, தூரம் ஆகியவற்றை 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் மாற்றிக்கொள்ளலாம்.

6. விமானத்தின் உருவமே நகர வேண்டுமானால், நேரமும் இடமும் அடுத்தடுத்து எழுதப்பட்ட 'டிராக்' என்னும் கே.எம்.எல். கோப்பு தேவை. மேற்கூறிய ஏக்கருக்குப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்றால் வரிசைக்கு 11 வீதம் 110 புள்ளிகள் வரும். கோப்பைத் திறந்தவுடன் திரையின் மேற்பகுதியில் நேரப்பட்டை தோன்றும். அதை ஓடவிட்டால் உருவம் பறக்கும்.

நிலத்தின் எல்லையைக் கைப்பேசியுடன் நடந்து பதிவு செய்தும் ஏற்றலாம். ஆனால் கைப்பேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழை உடையது. தெளிப்பு அகலமே 4 மீட்டர் என்பதால் ஒரு வரிசை முழுவதும் அடுத்தவர் நிலத்தில் விழக்கூடும். ஒத்திகைக்கு அது போதும். உண்மைப் பறப்புக்கு டிரோன் ஓட்டுபவர் தம் கருவியால் எல்லையை மீண்டும் அளந்தாக வேண்டும்.

திரையில் கவனிக்க வேண்டியவை

• பாதை எங்காவது மண்ணுக்குள் புகுகிறதா?

• திருப்பங்கள் உங்கள் எல்லைக்குள் முடிகின்றனவா? அண்டை நிலத்தில் மல்பெரித் தோட்டமோ, தேனீப் பெட்டிகளோ, கிணறோ, மாட்டுத் தொழுவமோ இருந்தால் அவற்றையும் படத்தில் குறித்து, அப்பக்கம் திருப்பம் வராதவாறு மாற்றவும்.

• ஓட்டுபவர் நிற்கும் இடத்திலிருந்து பாதை முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறதா? திரையில் பார்வையை அந்த இடத்தில் தரை மட்டத்திற்கு இறக்கி வைத்துக்கொண்டு விமானத்தை ஓடவிடவும். மேட்டுக்குப் பின் அது மறைந்தால் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும். டிரோன் எப்போதும் ஓட்டுபவரின் பார்வையில் இருக்க வேண்டும்.

• மருந்து தீர்ந்து திரும்பும் வழியில் மேடு குறுக்கிடுகிறதா? பல டிரோன்கள் கிளம்பிய இடத்திற்கு நேர்கோட்டிலேயே திரும்புகின்றன. திரும்பும் வழியையும் தனிப் பாதையாக வரைந்து பார்க்கவும்.

திரை காட்டாதவை

மின்கம்பியைத் திரை காட்டாது. தென்னையையும் சவுக்கையும் பச்சை வண்ணமாகக் காட்டுமேயன்றி உயரமாகக் காட்டும் என்று நம்பமுடியாது. நிழற்படம் எடுத்த பிறகு நட்ட கம்பமோ, கட்டிய கொட்டகையோ அதில் இராது. காற்றையும் அது அறியாது. உயர அளவுகளிலேயே சில மீட்டர் பிழை இருக்கலாம் என்பதால், டிரோன் பயிருக்கு மேல் சரியாக 3 மீட்டரில் பறக்குமா என்ற கேள்விக்கும் திரை விடை தராது. அந்த வேலையை டிரோனின் அடியில் உள்ள ரேடார் அல்லது உயரம் உணரும் கருவிதான் செய்ய வேண்டும். அது இல்லாத டிரோனைச் செங்குத்தான சரிவில் பயன்படுத்தாதிருப்பதே நலம்.

அப்படியானால் ஒத்திகையின் பயன் என்ன? வரிசை எப்படி அமைய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும், எங்கே மேடு குறுக்கிடுகிறது, உயர வகையில் தவறு நேர்ந்துள்ளதா, ஓட்டுபவர் எங்கே நிற்க வேண்டும் ஆகியவற்றை முன்கூட்டியே அறியலாம். நடவுக்கு முன் கயிறு பிடித்துப் பார்ப்பதைப் போன்றது இது. கயிறு நேராக இருந்தாலும் சேற்றின் ஆழத்தைக் காலால்தான் அறிய வேண்டும்.

ஆகவே ஒத்திகை முடிந்தபின், திரையில் கண்ட பாதையைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு, டிரோன் ஓட்டுபவருடன் நிலத்தை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கம்பி, கம்பம், மரம், கல்வரப்பு ஒவ்வொன்றையும் அத்தாளில் சிவப்பு மையால் குறித்து, அவற்றைச் சுற்றிப் பாதையைத் திருத்த வேண்டும். ஓட்டுபவரிடம் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படியான சான்றிதழ் இருக்கிறதா, உங்கள் பகுதியில் பறக்கத் தடை ஏதும் உண்டா என்பவற்றையும் முன்பே கேட்டறிய வேண்டும். முதல் முறை பறக்கும்போது தொட்டியில் மருந்துக்குப் பதிலாக வெறும் தண்ணீரை ஊற்றி, சற்று உயரத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது சாலச் சிறந்தது. திரையில் பார்த்ததும் வானில் நடப்பதும் ஒத்திருந்தால் மட்டுமே மருந்து ஊற்றலாம்.

சரிவு நிலத்தில் பயிர் செய்யும் உழவர் பெருமக்கள் மேற்கூறிய முறைகளைக் கடைப்பிடித்து, கருவிக்கும் அண்டை வீட்டாருக்கும் தீங்கு நேராவண்ணம் தெளிப்பு வேலையைக் குறைந்த செலவில் முடித்துப் பயன் பெறுவார்களாக.